வரேன் என்று சொல்லாதவன்

அடையாறு கிராதிப் பாலத்தின் மேல் ஜைதூன் பீயின் மகன் ஷோயப் நடக்க ஆரம்பித்து மூன்றாவது மழைக்காலம் வந்துவிட்டது. ஆள் இன்னும் அக்கரை சேரவில்லை. பாலம் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை, ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் கடந்துவிடலாம். சுற்றிலும் வயலாக இருந்த நாளில், கிராமத்து மண் ரோட்டுக்காக வெள்ளைக்காரன் இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்துப் போட்டது. வயல் போய் அடுக்குமாடி வந்தது. பாலம் மாறவில்லை, அதன் குணமும் மாறவில்லை. சொன்னால் சொன்னபடி எடுத்துக்கொள்ளும். வீட்டில் "வரேன்" என்று சொல்லிவிட்டு ஏறினால் கொண்டுபோய் விட்டு, திரும்பவும் கொண்டுவந்து சேர்க்கும். "போறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். கரண்ட் கம்பியைத் தொடக்கூடாது என்பதுபோல, அந்தப் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

ஷோயபுக்கும் தெரியும். ஆனால் அவன் ஆசையாக வாங்கிய பைக்கை, அவனை ஒரு வார்த்தை கேட்காமல், ஜைதூன் பீ தன் மருமகன் ஹம்மாதுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை வாய் விட்டுக் கேட்டாரு, இன்னா பண்ணச் சொல்றே?" என்றாள்.

"அப்ப மாப்பிள்ளையையே வச்சிக்கோ. நான் போறேன்."

அன்றைக்கு ஏறியவன்தான். பசியில்லை, தூக்கமில்லை, தாடிகூட வளரவில்லை. வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார்கள். "வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு நைனா, வூட்டுக்குப் போயிடலாம்" என்று கெஞ்சாதவர் இல்லை. வீம்பு பிடித்தவன், வாயே திறக்கவில்லை. அவன் காலடி இரும்பில் டொக் டொக்கென்று விழுவது வீடு வரைக்கும் கேட்டது. ஜைதூன் பீயால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். அரிசி களையும்போதும் அவள் கால் அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது. பைக்கை அவள் திருப்பி வாங்கி எப்போதோ வாசலில் நிறுத்திவிட்டாள்.

பிறகு பாலத்தைப் பிரிக்க லாரியும் ஆட்களும் வந்தார்கள். கான்கிரீட் பாலம் வரப்போகிறதாம். பாலம் போய்விட்டால் பிள்ளை எதன்மேல் நடப்பான் என்று கேட்டாள். பிளானில் ஆள் யாரும் இல்லையே என்று இன்ஜினியர் வருத்தத்தோடு சொன்னார்.

ஜைதூன் பீ அடுப்பை அணைத்தாள். வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டு லூயிசா டீச்சர் கையில் கொடுத்தாள். பாலத்தடிக்கு வந்து ஒரு காலை எடுத்து மேலே வைத்தாள்.

"டேய் ஷோயப். உன் பின்னாலயே நடக்கறேன். நான் போறேன்டா."

டொக் டொக் நின்றது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் அவள் அவனைத் திருத்திய அதே குரலில் திரும்பிக் கத்தினான்.

"போறேன்னு சொல்லாதம்மா. வரேன்னு சொல்லு."

வார்த்தை அவன் வாயிலிருந்து விழுந்துவிட்டது. தெரிந்து சொன்னானா, பதறிச் சொன்னானா, அது அவனுக்கே தெரியாது. அவள் அடுத்த காலைத் தூக்குவதற்குள் பக்கத்தில் வந்து நின்று கையைப் பிடித்திருந்தான்.

"சொல்லும்மா."

"வரேன்" என்று சொல்லிக் காலைக் கீழே வைத்தாள். பாலத்தடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பாலத்தைச் சட்டம் சட்டமாகப் பிரித்து ஏற்றினார்கள். லாரி டிரைவர் பொன்னுரங்கம் வண்டியைக் கிளப்பும்போது, பழக்க தோஷத்தில் டீக்கடைப் பக்கம் கையாட்டி "வர்ட்டா?" என்றான். மறுவாரமே பாலம் பழைய இடத்தில் நின்றது. இன்ஜினியர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆணிகளுக்கு எண்ணெய் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷோயப் இப்போது அந்தப் பாலத்தின் வழியாகத்தான் பைக்கில் வேலைக்குப் போகிறான். வாயில் பல்குச்சி இருந்தாலும் சரி, கோபத்தில் முகம் தூக்கி வைத்திருந்தாலும் சரி, அந்த ஒரு வார்த்தை காதில் விழுகிறவரை ஜைதூன் பீ சாவியைக் கொடுப்பதில்லை.