சாக்குக்குள் இருந்த முகம்

திரையில் ஒன்பது முகங்கள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஆட்களை ராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தவன் இவர்களில் யார் என்று லண்டன் பொலிஸ் அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சுவர்ணா அதைத் தமிழில் சொன்னாள்.

சாட்சியாக வந்திருந்த, லண்டன் டூட்டிங்கில் கடை வைத்திருக்கும் குலசேகரம் எரிந்து விழுந்தார். "தலையாட்டி தலையில சாக்கைப் போட்டுக்கொண்டெல்லோ நிண்டவன். முகத்தை ஆர் கண்டது? ஆமி எங்களை வரிசையில விட்டது. அவன் தலையை ஆட்டினா ட்ரக்கில ஏத்துவாங்கள். அண்ணைக்கு ஆட்டினான். அண்ணை திரும்பி வரேல்லை. எனக்கு ஆட்டேல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?" கேட்டது அதிகாரி இல்லை, பொறுக்க முடியாமல் சுவர்ணாதான் கேட்டாள்.

குலசேகரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆளைப் பிடிச்சால் சொல்லுங்கோ. என்னை ஏன் விட்டவன் எண்டு ஒருக்காக் கேக்க வேணும்."