கரடித் திராட்சைச் சரிவு

கோமோவி மலையில் எங்கள் கோடைக் குடிசைகளுக்கு மேலே உள்ள சரிவு முழுக்கக் கரடித் திராட்சைக் கொடி. கல்லும் சல்லியுமான இடத்தில் பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடக்கும். சிறுநீர் எரிச்சலுக்கு மருந்தென்று அதன் இலையை மூட்டை மூட்டையாக வாங்கிப்போவார்கள். அரிவாளால் நுனியை மட்டும் அறுத்தால் மறுவருஷமும் தழைக்கும். என் கணவர் மிலேதாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அன்று காலை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சாக்கைப் பிடித்தபடி நின்றேன்.

கீழேயிருந்து விதோசாவா அரிவாளோடு ஏறி வந்தாள். என் ஓரகத்தி. கொழுந்தன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சரிவுக்கு நேர் கீழேதான் அவளுடைய ஆட்டுப்பட்டி.

“நிறுத்துங்க மச்சான். இது பிடிச்சிட்டிருக்கறதாலதான் கல்லு நிக்குது. பேத்தீங்கன்னா என் பட்டி மேலதான் வந்து விழும்.”

“அப்ப பட்டியத் தூக்கி இடுப்புல வச்சிக்க. உனக்குத்தான் இடுப்பு அகலமாச்சே.”

அவர் அடுத்து வெட்டவிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

“தள்ளுடி.”

“மாட்டேன்.”

மண்வெட்டியைத் திருப்பி, பிடியால் அவள் மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த அரிவாளை இடக்கையால் எடுத்து வீசினாள். அவருடைய காது பாதி அறுந்து தொங்கியது. அவர் கத்தவில்லை. அவளைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார். காதிலிருந்து வழிந்த ரத்தம் அவள் வாயில் சொட்டியது.

“விடுங்க, செத்துருவா,” என்றேன்.

“அடுத்தது நீதான்,” என்றார், திரும்பாமலே.

பதினேழு வருஷமாக அந்தக் கைகளை எனக்குத் தெரியும். ஒரு கல்லைத் தூக்கி அவர் முதுகில் போட்டேன்.

பெயர்த்து மொட்டையாக்கிய இடத்தில் உருண்டு விழுந்தார். முதலில் சல்லி நகர்ந்தது. பிறகு சரிவே நகர்ந்தது. விதோசாவாவின் பின்னலைப் பிடித்து வெட்டாத பக்கம் இழுத்தேன். இருவரும் கொடியைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு குப்புறக் கிடந்தோம்.

தூசி அடங்கியபோது பட்டி இல்லை. பதினோரு ஆடுகள் கல்லுக்கடியில். இடுப்புவரை புதைந்து மிலேதா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. விதோசாவாதான் முதலில் இறங்கினாள்.

“வாக்கா. எனக்கு ஒரு கைதான் இருக்கு.”

“கெடக்கட்டும்.”

“கெடந்தா நாத்தம் என் குடிசைக்குத்தான் வரும். வந்து கல்லத் தூக்கு.”

மத்தியானம் தாண்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

அங்கேயே போலீஸ்காரர் வந்தார்.

“கல்லு சரிஞ்சிருச்சு. காதும் கல்லாலதான்,” என்றார் மிலேதா.

“காத அறுத்தது நான்,” என்றாள் மாவுக்கட்டோடு நின்ற விதோசாவா. “கைய ஒடிச்சது அவரு. ரெண்டையும் எழுதிக்கங்க.”

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார்.

“கல்லப் போட்டது நான். விட்டிருந்தா அவளக் கொன்னுருப்பாரு.”

மிலேதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காயம் ஆறியதும் அவரை அவருடைய தங்கை தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். நான் கூடப் போகவில்லை. போலீஸ்காரர் வந்துபோன மறுநாளே விதோசாவாவும் நானும் மலையேறி, செத்த ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் கொளுத்தினோம். அதற்கே மூன்று நாள் ஆயிற்று.