கோர்க் நகரில் முதலில் கதைத்தது யார்

1.

இந்தக் கதை இரண்டு தொலைபேசி அழைப்புகளில் எனக்கு வந்தது. இரண்டும் ஒரே நாளில். முதலில் மகாதேவி, என் சித்தியின் மகள். அடுத்தது அவளுடைய மச்சாள் பத்மாவதி, என்னோடு படித்தவள். பருத்தித்துறையில் இருவர் வீட்டுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கை, இரண்டு சந்து தூரம்தான்.

"அக்கா, நீங்கள் எழுதுறனீங்கள்தானே. உள்ளதை எழுதுங்கோ," என்றாள் மகாதேவி.

"நீர் எழுதுறனீர்தானே. உள்ளதை எழுதும்," என்றாள் பத்மாவதி.

எழுபத்தாறு வயதில் உனக்கு இந்த வேலை தேவையா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன்.

2.

முதல் தொடக்கம்:

[அயர்லாந்தின் கோர்க் நகரில் அன்று மெல்லிய மழை தூறிக்கொண்டிருந்தது. ஆற்றின் மேல் பனி

விட்டுவிட்டேன். நான் கோர்க்கைக் கண்டதில்லை. மகாதேவியைக் கேட்டால் நல்ல மழை என்கிறாள். பத்மாவதி, ஒரு துமிகூட விழவில்லை என்கிறாள்.

இரண்டாவது தொடக்கம்:

[பதினொரு வருடமாகக் கதையாத இரண்டு பெண்கள் ஒரு கப்பலில்

இது பரவாயில்லை. ஆனால் எனக்குக் கதைகள் ஆட்கள் கதைக்கும் குரலாகத்தான் வரும். அவர்கள் கதைப்பார்கள், நான் எழுதுவேன். வீடு, மரம், வானம் எல்லாவற்றையும் பிறகு இடைக்கிடை செருகிக்கொள்வேன். அப்படிப்பட்ட என் தலையில், ஒருவரோடு ஒருவர் வாயே திறக்காத இரண்டு பேரைக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

3.

சரி, கோபத்தின் காரணம். பதினொரு வருடத்துக்கு முன் மகாதேவி தன் மகள் நிவேதனாவின் கலியாணக் காட்டை, அதாவது அழைப்பிதழை, பத்மாவதியின் வீட்டுக்குப் போய்க் கொடுக்கவில்லை. கோயில் வீதியில் கண்ட இடத்தில் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிட்டாள். பத்மாவதியோ பெண்ணுக்குச் சொந்த மாமி, தகப்பனின் தங்கை.

[வெளியூர் வாசகருக்கு: இது சின்ன விஷயமில்லை. எங்கள் பக்கத்தில் காட் வீட்டுக்கு வரவேண்டும். கொண்டுவந்தவர் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகவேண்டும்.]

அன்றிலிருந்து இருவரும் மூன்றாம் ஆளுக்குத்தான் சொல்வார்கள். மற்றவருக்குக் கேட்கும். அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் முத்துக்குமாரு: மகாதேவியின் கணவர், பத்மாவதியின் தமையன்.

"அண்ணை, உங்கடை மனுசியிட்டைச் சொல்லுங்கோ, அவவின்ரை ஆடு என்ரை கத்தரியைத் திண்டு போட்டுது."

"கேட்டுதாம் எண்டு சொல்லுங்கோப்பா."

முத்துக்குமாரு மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார். களைத்துத்தான் போனார் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் தன் காட்டால் வந்ததென்று லண்டனில் இருக்கும் நிவேதனாவுக்கு மனக்குறை. தாயையும் மாமியையும் கூப்பிட்டு, ஒரு சுற்றுலாக் கப்பலில் ஒரே அறையில் போட்டாள். [விசா எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் வாசகருக்கு: அதை எழுதினால் நாவலாகிவிடும்.]

4.

கோவ் என்ற துறைமுகத்தில் கப்பல் வந்து நின்ற அன்று நிவேதனாவுக்குக் கடலாட்டத்தில் சத்தியும் தலைச்சுற்றும். படுத்தபடியே வரைபடத்தைத் தாயிடமும் தொலைபேசியை மாமியிடமும் கொடுத்தாள்.

"ஒராளை விட்டிட்டு மற்றாள் வந்து சேர ஏலாது. ரெண்டு பேரும் சேர்ந்து போட்டு வாங்கோ. நாலரைக்கு ஏணியைத் தூக்கிப்போடுவாங்கள். ஒருத்தருக்காகவும் நிக்கமாட்டாங்கள்."

ரயிலில் அரை மணித்தியாலம். கோர்க். ஊர் எப்படி என்று இருவரையும் கேட்டேன்.

"பாலம் அக்கா. எங்கை திரும்பினாலும் பாலம்," என்றாள் மகாதேவி.

"மீன் சந்தை கூரைக்குக் கீழை கிடக்கு. நிலம் காய்ஞ்சு போய், ஒரு மணமும் இல்லை. உதென்ன மீன் சந்தை?" என்றாள் பத்மாவதி.

ஒரு தேவாலயக் கோபுரத்தில் நாலு பக்கமும் மணிக்கூடாம். நாலும் நாலு நேரம் காட்டும் என்று அந்த ஊர்ச் சனமே பகிடி பண்ணுமாம். இதை நான் கற்பனை பண்ணவில்லை. பண்ணியிருந்தால், அளவுக்கு மிஞ்சிப் பொருந்துகிறது என்று வெட்டியிருப்பேன்.

சந்தையில் மீன்காரன் மூன்றாம் ஆளானான்.

"தம்பி, உவவிட்டைச் சொல்லும், நேரம் ஒண்டரையாகுது."

"தம்பி, எனக்கும் கண் தெரியுமெண்டு சொல்லும்."

தமிழ் தெரியாத அந்த மனிதன் ஆளுக்கொரு மீனைத் தூக்கிக் காட்டினானாம்.

5.

ஸ்டேசனுக்குத் திரும்பும்போது மகாதேவி வரைபடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆற்றங்கரையால் நடந்தாள். பத்தடி பின்னால் பத்மாவதி. கடற்கரையில் பிறந்தவள், தண்ணீரைப் பார்த்தாள். ஆறு எதிரே வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கடல் முதுகுப் பக்கம். கப்பலும் முதுகுப் பக்கம்.

சொல்லவேண்டியது ஒரு வரி. சொல்லத் தெருவில் ஒரு சனமில்லை.

நேரம் இரண்டே முக்கால். மச்சாள் கப்பலுக்கு எதிர்ப்பக்கமாக நடக்கிறாள். இவளோ மூன்றாம் ஆளைத் தேடிக்கொண்டு பின்னால் போகிறாள். இந்த இடத்தில் நான் பேனையை எறிந்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

திரும்பி வந்தபோது ஒரு கடற்காகம் கரைக் கட்டின் மேல் வந்து இருந்தது. (இது பத்மாவதியே சொன்னது.)

"இஞ்சை, உவவிட்டைச் சொல்லு, கடல் பின்னாலை கிடக்குதெண்டு."

கடற்காகம் பறந்துவிட்டது. எதிர்க்காற்றில் மகாதேவிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

6.

இனித்தான் அந்த வரி.

பத்மாவதியின் முடிவு: மகாதேவி தானாக நின்று திரும்பினாள். "மச்சாள், வழி பிழைச்சுப் போச்சு."

மகாதேவியின் முடிவு: பின்னாலிருந்து ஒரு கத்தல். "மச்சாள், நில்லும்."

நான் செய்த முடிவு: இருவரும் ஒரே நேரத்தில் "மச்சாள்" என்றார்கள். இதை இருவருக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"பொய்."

"பச்சைப் பொய்."

இதில் மட்டும் ஒற்றுமை.

பிறகு நடந்ததில் பிணக்கில்லை. வந்த வழியே ஓடினார்கள். மகாதேவியின் செருப்பு வார் அறுந்துபோக, பத்மாவதி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயிலேற்றினாள். நாலு இருபதுக்குக் கப்பல் ஏணியில். மிச்சப் பயணம் முழுக்க ஓயாத கதை. நிவேதனா காதுக்குப் பஞ்சு வாங்கினாளாம்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு செத்த வீட்டில் யாரோ ஒரு புண்ணியவதி கேட்டுவிட்டாள்: "அப்ப ஆர் முதல் கதைச்சது?"

"அவதான்."

"ஆர், நானோ?"

அவ்வளவுதான். நான்கு மாதமாகத் திரும்பவும் கதையில்லை.

7.

வருகிற தையில் மகாதேவியின் மகன் பிரவீணனுக்குக் கலியாணம். முந்தாநாள் மகாதேவி பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி, இருபது மைல் வந்து, நல்லூரில் என் மேசையில் ஒரு காட்டை வைத்தாள். உறையில் பத்மாவதியின் பெயர்.

"அக்கா, ஒருக்கா அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ."

"ரெண்டு ஒழுங்கைக்கு இருபது மைலோடி?"

"தான் முதல் கதைச்சதெண்டு அவ ஒத்துக்கொள்ளட்டும், நானே கொண்டுபோறன்."

பத்மாவதிக்கு எடுத்தேன்.

"உம்மடை கையாலை வந்தால் அது உம்மடை காட். எனக்கு வேண்டாம்."

"அப்ப கலியாணத்துக்குப் போகமாட்டீரோ?"

"என்ரை அண்ணையின்ரை ஒரே பெடியன்," என்றாள். "சீலை எடுத்து வைச்சிட்டன். அவவுக்குச் சொல்லிப்போடாதையும். சத்தியம் பண்ணும்."

சத்தியம் பண்ணினேன்.

8.

ஆகவே வாசகரே, ஆற்றங்கரை வரி இதுதான்:

"மச்சாள், ..................."

சொன்னவரின் பெயரை நான் போடப்போவதில்லை. விருப்பமென்றால் நீங்கள் போடுங்கள், பென்சிலால். இருவரில் ஒருத்தி வந்து அழிப்பாள்.

காட் இந்தத் தாள்களுக்குக் கீழேதான் கிடக்கிறது. நான் கொண்டுபோகமாட்டேன். நான் முத்துக்குமாரு அல்ல, மீன்காரனும் அல்ல. கடற்காகத்துக்குச் சிறகாவது இருந்தது.

மகாதேவி, வந்து காட்டை எடு. அவள் சீலை வாங்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

பத்மாவதி, ஓம், சத்தியத்தை முறித்துவிட்டேன், அதுவும் அச்சில். கோபமென்றால் இனி என்னோடு கதைக்கவேண்டாம். ஆனால் என்னை ஏச உமக்கு ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். என்னைத் தெரிந்த ஆள் உம்முடைய பக்கத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். இரண்டு ஒழுங்கை தள்ளி.