ஒன்றாம் புகைபோக்கி

வளாகப் பணிப்பாளர் தன்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னபோது பரீதாவுக்கு நம்ப முடியவில்லை. ஏழு வருடமாக அவள் இரசாயன ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவி, அமிலப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவள். அந்த ஏழு வருடத்தில் பணிப்பாளர் அவளுடைய பெயரைச் சொன்னதே இல்லை.

கொழும்பிலிருந்த பல்கலைக்கழகம் ஒன்று, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் நடத்திய கிளை வளாகம் அது. எண்பத்தொன்றாம் ஆண்டு, சூழலைக் காக்கவென்று வந்த புதுச் சட்டத்தைக் காட்டிக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வளாகத்துப் புகையை ஒன்றரை மாதம், ஆறு கிழமையும் விடாமல் அளந்து அறிக்கை அனுப்ப வேண்டும். பிறகு அதிகாரி நேரில் வருவார். அவர் தரும் சான்றிதழ் இருந்தால்தான் வார்ப்புப் பட்டறைக்கு வெளிநாட்டார் கொடுக்கும் புது இயந்திரம் கப்பலேறும்.

"உங்களைப்போல கவனமான ஆள் வேற இல்லை, பரீதா" என்றார் பணிப்பாளர். "இது உங்கட பொறுப்பு."

அவள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் ஆறு கட்டங்கள், பூச்சியம் முதல் ஐந்து வரை இலக்கமிட்டிருந்தன. கையை நீட்டி அட்டையைப் பிடித்து, புகை எந்தக் கட்டத்தின் நிறத்தோடு ஒத்துப்போகிறதென்று பார்த்து எழுத வேண்டும். இரண்டுக்கு மேல் போனால் சட்டத்துக்கு ஒவ்வாது.

வளாகத்தில் இரண்டே புகைபோக்கிகள்தான். வாசற் படலைக்குப் பக்கத்தில் நின்றது வார்ப்புப் பட்டறையினுடையது. உள்ளே, மாணவர் விடுதிக் குசினிக்கு மேலே இருந்தது மற்றது. பரீதா தன் கொப்பியில் முதலாவதை ஒன்று என்றும் அடுத்ததை இரண்டு என்றும் போட்டாள். ஒவ்வொரு முறையும் முழுப் பெயரை எழுத அவளுக்குப் பஞ்சியாக இருந்தது.

பட்டறை உலை, கப்பல்களிலிருந்து கழித்த பழைய எண்ணெயில் எரிந்தது. மூட்டியதும் தார் உருக்குவதுபோலப் புகை கிளம்பி, துறைமுகப் பக்கமாகச் சாய்ந்து போகும். நாலு. சில நாள் ஐந்து. குசினியில் தங்கமுத்துவும் நாலு பெண்களும் நூற்றிருபது பேருக்கு விறகில் சமைத்தார்கள். அங்கே பெரும்பாலும் ஒன்று. விறகு நனைந்த காலைகளில் பத்து நிமிடம் இரண்டு.

"என்ன பிள்ளை, எங்கட புகைக்கும் மாக்ஸ் போடுறியோ?" என்று தங்கமுத்து குசினி வாசலில் நின்று சிரிப்பாள். சல்லிக் கிராமத்திலிருந்து விடியமுன் நடந்து வருகிறவள், ஐம்பதைத் தாண்டியவள்.

"நல்ல மாக்ஸ்தான் அக்கா. நீங்க பாஸ்."

இரண்டாம் கிழமை, பட்டறைத் தலைவர் குலசிங்கம் ஆய்வுகூடத்துக்கு வந்தார். மரியாதையான மனிதர். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"தங்கச்சி, உலை மூட்டின கையோட பாத்தா எந்த உலையும் கறுப்பாத்தான் விடும். ஒரு மணித்தியாலம் கழிச்சுப் பாருங்கோவன்."

"கடதாசியில உலை மூட்டுற நேரம் பாக்கச் சொல்லிப் போட்டிருக்கு சேர். எனக்கு மாத்த ஏலாது."

"சரி, சரி" என்று சிரித்தபடி போய்விட்டார்.

ஏழரைக்கு மூட்டிவந்த உலை, அடுத்த நாளிலிருந்து ஆறு மணிக்கே மூட்டப்பட்டது. ஏழரைக்கு அவள் வரும்போது புகை மெலிந்து சாம்பலாகக் கிடந்தது. பரீதாவுக்கு விளங்காமல் இல்லை. மறுநாள் சுபஹு தொழுதவுடன் கிண்ணியாத் துறைக்கு ஓடி, முதல் பாதைப் படகில் அக்கரை சேர்ந்து, பஸ் பிடித்து ஆறு மணிக்குப் படலையில் நின்றாள். அட்டையை நீட்டிப் பிடித்தாள். ஐந்து என்று எழுதினாள். மீதி நாலு கிழமையும் அப்படியே வந்தாள். வீட்டில் அவளுடைய தங்கை றம்லா, புருஷன் விட்டுப்போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு இவளுடைய சம்பளத்தில் இருந்தவள், "உனக்கென்ன விசரா?" என்று கேட்டாள். பரீதா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தான் எழுதினால் எழுதினதுதான் என்ற நினைப்பு அவளை நிமிர்ந்து நடக்க வைத்திருந்தது.

ஆறு கிழமை முடிந்ததும் கொப்பியைக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, தட்டச்சு செய்த அறிக்கையைக் கையெழுத்துக்காகப் பணிப்பாளர் நீட்டினார். குலசிங்கமும் அங்கே இருந்தார். தேத்தண்ணீர் வந்தது.

"இவ்வளவு வடிவா ஒரு வேலையை இந்த வளாகத்தில ஒருத்தரும் செய்யேல்லை" என்றார் பணிப்பாளர்.

பரீதா இலக்கங்களை மேலோட்டமாகப் பார்த்தாள். ஒன்றில் நாலு, ஐந்து, நாலு. இரண்டில் ஒன்று, ஒன்று, இரண்டு. எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன. முதல் பக்கத்தை அவள் புரட்டிப் பார்க்கவில்லை. புகழ்ச்சியில் முகம் சூடாகி, கையெழுத்தைப் போட்டுவிட்டு எழும்பினாள்.

முதல் பக்கத்தில் இருந்தது இரண்டே வரி. புகைபோக்கி ஒன்று: விடுதிக் குசினி. புகைபோக்கி இரண்டு: வார்ப்புப் பட்டறை.

கொழும்பு அதிகாரி வந்த அன்று உலை குளிர்ந்து கிடந்தது. பட்டறை மாணவர்களை வெருகலுக்குச் சுற்றுலா அனுப்பியிருந்தார்கள். குசினிக்கு மட்டும் விடியற்காலையில் யாரோ ஈர விறகை இறக்கியிருந்தார்கள். அதிகாரி மூக்கில் கைலேஞ்சியைப் பிடித்துக்கொண்டு குசினியைச் சுற்றி வந்தார். அன்று பின்னேரமே உத்தரவு வந்தது: குசினியை மூட வேண்டும், விடுதிச் சாப்பாடு பட்டணத்திலிருந்து வரவேண்டும்.

உத்தரவில் ஒன்றாம் புகைபோக்கி குசினி என்று கண்ட பரீதா, ஜீப்பில் ஏறப்போன அதிகாரியை மறித்தாள்.

"சேர், அது மாறிப்போச்சு. ஒண்டு எண்டது பட்டறை."

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் வரும். அறிக்கையை விரித்துக் காட்டினார். "நம்பர் உங்கட?"

"ஓம், ஆனா..."

"சைன் உங்கட?"

"ஓம் சேர்."

அவர் குலசிங்கத்தைப் பார்த்தார். குலசிங்கம் ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். களைப்பு என்பதற்கான சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது. ஜீப் போய்விட்டது.

நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதி, கொழும்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். மூன்று கிழமையில் பதில் வந்தது. அவளுடைய கடிதம் தக்க நடவடிக்கைக்காக வளாகப் பணிப்பாளருக்கே அனுப்பி வைக்கப்பட்டிருந்தது.

"பிழையா விளங்கி எழுதிப்போட்டன் எண்டு ஒரு வரி தாங்கோ" என்றார் பணிப்பாளர். இந்த முறை அவள் நின்றபடியே கேட்டாள். "இல்லாட்டி விசாரணை வரும். பொய் அறிக்கையில கையெழுத்து வச்சது நீங்கள் எண்டுதான் வரும். திங்கக்கிழமைக்கு முதல் யோசியுங்கோ."

ஒரு சாட்சி இருந்தால் விசாரணைக்கு முகம் கொடுக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை சல்லிக்குப் போனாள். தங்கமுத்து கடற்கரையில் பாய் விரித்து, கூலிக்கு மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். பரீதா எல்லாவற்றையும் சொன்னாள். தான் முதல் பக்கத்தைப் பார்க்காததையும் ஒளிக்கவில்லை.

"நீங்க வந்து சொல்லுங்கோ அக்கா. அண்டைக்கு ஈர விறகு இறக்கினது ஆரெண்டு சொன்னாலே போதும்."

தங்கமுத்து கையை மணலில் துடைத்தாள்.

"இறக்கினது என்ர மகன். குலசிங்கம் ஐயா சொல்லி இறக்கினவன். ரெண்டு வரிசமா உலையடியில நிக்கிறான்."

பரீதா பாயோரத்து மணலில் குந்தினாள்.

"உலையை மூடினா அவனும் வீட்டிலதான். விடியக் கறுப்பாத் துப்புறான், எனக்குத் தெரியும். ஆனா நான் வந்து என்னத்தைச் சொல்ல?" அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது பிள்ளை. தெரிஞ்ச நீ வாசிச்சுப் போட்டிருக்கலாம்."

தங்கமுத்து குனிந்து மீனைத் திருப்பிப் போடத் தொடங்கினாள். பரீதா எழும்பித் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை காலை அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தாள். றம்லாவின் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதினேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது பொய்யில்லை. ஆனாலும் எழுதும்போது உண்மையில் பயம் ஒன்றுதான் இருந்தது; அதையும் அவள் அறிவாள்.

சான்றிதழ் வந்தது. புது இயந்திரமும் வந்தது. உலை இரண்டாயிற்று. எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்க இடம் போதாமல், மூடிய குசினியைத் திறந்து அதற்குள் அடுக்கினார்கள். பட்டணத்திலிருந்து பார்சலில் வந்த சோறு மத்தியானத்துக்குள் புளித்துப்போகிறதென்று மாணவர்கள் ஒரு நாள் கூச்சல் போட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பரீதா ஆய்வுகூடத்திலேயே குழாய் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அவளுக்குச் சம்பள உயர்வும் கிடைத்தது.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம், ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ்ஸில் ஏறியபோது தங்கமுத்து உள்ளே இருந்தாள். பக்கத்தில் ஒரு இளைஞன் யன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். மடியில் மருந்துப் போத்தல். பரீதா கம்பியைப் பிடித்தபடி அவர்களுக்கு அருகிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

தங்கமுத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் அங்கதானோ வேலை?"

"ஓம் அக்கா."

"இவனை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்றாள். பிறகு மகனின் கழுத்துவரை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.