சீமாட்டி வேஷம்

திரைப்படக் கல்லூரியின் கடைசி வருடத்தில் ஒரு குறும்படம் எடுத்துக் காட்டினால்தான் பட்டம். தாடி என்று எல்லோரும் கூப்பிடும் மாணவன் தன் கோஷ்டியைக் கூட்டி, ரத்தக்காட்டேரிப் படம் எடுக்கப்போவதாக அறிவித்தான். யாருக்கும் ஆச்சரியமில்லை. முதல் வருடத்தில் காதல் கதை எடுக்கச் சொன்னபோதே கதாநாயகியைக் கிணற்றிலிருந்து எழுந்து வரவைத்தவன் அவன்.

கதைக்கு அவன் வெகுதூரம் போகவில்லை. ஊருக்கு வெளியே மேட்டின்மேல் ஒரு பாழடைந்த மாளிகை இருந்தது. முன்னொரு காலத்தில் அங்கே ஒரு சீமான் வாழ்ந்தானாம். அவனுடைய இளம் மனைவி பகலில் வெளியே தலைகாட்ட மாட்டாள். சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்திருப்பாள். அவளுக்கு வேலை செய்யப் போன பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வெளிறிச் செத்தார்கள். ரத்தம் குடிக்கிறாள் என்று ஊர் முடிவுகட்டியது. சீமான் வெளியூர் போயிருந்த நாளில் எல்லோரும் திரண்டுபோய், அவளை உயிரோடு ஓர் அறையில் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள். இவ்வளவுதான் கதை. தாடி இதோடு இந்தக் காலத்தை ஒட்டவைத்தான். ஆராய்ச்சிக்காக மாளிகைக்கு வரும் கல்லூரி மாணவர்கள் அந்தச் சுவரை இடித்துவிடுகிறார்கள். வெளியே வந்த சீமாட்டி அவர்களை ஒவ்வொருவராக முடிக்கிறாள். கடைசியில் மிஞ்சும் பெண், கூரான கட்டையால் அவள் நெஞ்சில் குத்துகிறாள்.

சீமாட்டியாக நடிக்க இருந்த பெண்ணுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. தாடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, ஒலிப்பதிவுக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவி அந்த வழியாகப் போனாள். ஆள் சின்னவள் என்பதால் அந்தப் பெயர். தாடி அவளை விளக்கடியில் நிறுத்தி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். மஞ்சள் பாய்ந்த வெளுப்பு, எடுப்பான கன்ன எலும்பு, நிழல் விழுந்த கண்கள்.

"உனக்கு மேக்கப்பே வேண்டாம் குருவி," என்றான்.

ஒப்பனை செய்யும் சுருட்டைக்குக் கோபம் வந்துவிட்டது. தன் வேலையில் மண்ணைப் போடுகிறான் என்று அவனைத் துரத்தினாள். குருவி மட்டும் அன்று முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஏன் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. குருவியின் உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. பிறவியிலேயே வந்த நோய். தலசீமியா என்று அதற்குப் பெயர். சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய், முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தால்தான் அவளால் மாடிப்படி ஏற முடியும். கல்லூரியில் இதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கே யாரும் அவளோடு சண்டைகூடப் போட்டதில்லை. ஓட்டப்பந்தயத்தில் ஓடாமலே அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. அதனால் இங்கே, ரத்தம் ஏற்றும் நாளெல்லாம் அத்தை வீட்டுக்குப் போகும் நாள். அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது குருவியின் கன்னத்தில் சிவப்பு ஏறியிருக்கும். உன் அத்தை கையால் எனக்கும் ஒருநாள் சாப்பாடு வாங்கிக்கொடு என்று சுருட்டை நச்சரிப்பாள்.

படப்பிடிப்பு மாளிகையிலேயே நடந்தது. பகலில்தான் எடுத்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத்துணி கட்டினால் உள்ளே இரவு. சுருட்டை சர்க்கரைப்பாகில் சிவப்புச் சாயம் கலந்து ரத்தம் காய்ச்சிக்கொண்டு வந்தாள். குருவி அதைப் பார்த்ததும் வாய் தவறி, இது தக்காளிச்சாறு மாதிரி இருக்கிறது, பையில் இருக்கும்போது ரத்தம் இன்னும் கறுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள். எந்தப் பையில் என்று சுருட்டை கேட்டாள். சினிமாவில் பார்த்தேன் என்று குருவி சமாளித்தாள். சுருட்டை கொஞ்சம் காப்பித்தூளைப் போட்டுக் கலக்கிப் பார்த்து, சரியாகத்தான் சொல்கிறாள் என்று ஒப்புக்கொண்டாள்.

குருவிக்கு வேஷம் பிடித்துப்போய்விட்டது. கோரைப்பல்லை மாட்டிக்கொண்டு, தரையில் புரளும் அங்கியோடு அவள் படியிறங்கி வந்தால், கூட நடிக்கிற பையன்கள் நிஜமாகவே ஓரடி பின்வாங்கினார்கள். அவளைப் பார்த்து யாரும் அதுவரை பின்வாங்கியதில்லை. தாங்கிப்பிடிக்கத்தான் வருவார்கள். ஒருநாள் உணவு இடைவேளையில் பல்லைக் கழற்றாமலே போய், கேமராக்காரன் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தவன் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சுவர் எழுப்பும் காட்சி மழையால் தள்ளிப்போனது. தள்ளிப்போய் நின்ற நாள், ரத்தம் ஏற்ற வேண்டிய நாள். மாளிகை அதற்குமேல் கிடைக்காது என்று தாடி கையைப் பிசைந்தான். குருவி யோசித்தாள். வார்டுக்குத் தொலைபேசியில் பேசி அடுத்த வாரம் வருவதாகச் சொன்னாள். அம்மாவிடம், வார்டில்தான் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்றாள். அம்மா அவள் கண்ணிமையை இழுத்து உள்ளே பார்த்தாள். தாங்குமா என்று கேட்டாள். தாங்கும் என்றாள் குருவி.

அன்று மேடேறி வரவே இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. தெர்மோகோலை வெட்டி வர்ணமடித்துச் செங்கல் செய்திருந்தார்கள். ஊர்க்காரர்களாக வேஷமிட்ட வகுப்புத் தோழர்கள் ஒவ்வொரு கல்லாக அடுக்க, உள்ளே நின்ற குருவியின்மேல் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கல் வைத்ததும் அவள் சுவரைப் பிறாண்டிக் கத்த வேண்டும். முதலில் கத்தினாள். அப்புறம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இழுத்த மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. பிடித்துக்கொள்ளச் சுவர் இருந்தது, ஆனால் அது தெர்மோகோல். வெளியே சட்டியில் சாந்து குழைப்பது போன்ற ஓசை கேட்டது. யாரோ சாதாரணமாக, வானம் வெளுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது வசனமா, நிஜப்பேச்சா என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தச் சீமாட்டிக்கும் இதெல்லாம் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். அதோடு கால் மடங்கிவிட்டது.

உள்ளே சத்தம் அடங்கியதும் தாடி பூரித்துப்போனான். என்ன நடிப்பு, நிறுத்தாதே, ஓடட்டும் என்று கேமராக்காரனுக்குச் சைகை காட்டினான். குருவி நடிக்கப் போய்விட்டதால் சுருட்டைதான் ஒலிக்கருவியின் ஹெட்போனை மாட்டியிருந்தாள். மூச்சுச் சத்தமே சரியில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவரை ஒரே உதையில் உடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மருத்துவமனையில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அலங்கோலமாக ஓடிவந்த அம்மா மகளைத் திட்டவில்லை. நேராக ரத்த வங்கிக்குப் போய்விட்டாள். வார்டு சிஸ்டர் நரம்பு தேடித் தட்டிக்கொண்டே, "தேதியத் தள்ளிப்போட்டது நீயா, நாங்களா?" என்று மட்டும் கேட்டார்.  அங்கி கலையாத சீமாட்டி நாற்காலியில் சாய்ந்திருக்க, கம்பியில் தொங்கிய பையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது.  வாசலில் நின்றவர்களில் ரத்தம் கொடுக்க முதல் ஆளாகத் தாடி போனான். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தான். அவனுக்கு ஒரு கட்டில் தேட வேண்டியதாயிற்று.

குருவிக்கு யோசிக்க நேரம் நிறைய இருந்தது. யார் அந்தப் பெண்? ரத்தம் குடித்தாளா, இல்லை, தன்னைப்போல ரத்தம் இல்லாதவளா? வேலைக்காரப் பெண்கள் ஏதோ ஒட்டுவாரொட்டி நோயில் செத்திருக்கலாம். சீமாட்டிக்கும் அதே நோய் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அவளைப் பற்றி மிஞ்சியிருப்பதெல்லாம் அவளைப் புதைத்தவர்கள் சொன்ன கதை. சுவருக்கு உள்ளேயிருந்து ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

சில நாள் கழித்துத் தாடி வீட்டுக்கு வந்தான். கூடச் சுருட்டையும் வந்தாள். தாடியின் குரல்கூட மாறியிருந்தது. பெரியவர்கள் முன் பேசுவதுபோலப் பேசினான். கதையையே மாற்றிவிட்டதாகச் சொன்னான். இனி சீமாட்டி காட்டேரி இல்லை, நோயாளி. பல் கிடையாது. மாணவர்கள் சுவரை இடித்து எலும்புக்கூட்டைக் கண்டெடுத்து, உண்மையை உலகுக்குச் சொல்கிறார்கள். முடிவில் ரத்ததானம் பற்றி ஒரு வாசகம். கேட்டுக்கொண்டிருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். 

"பொறந்ததுலேருந்து நான் நோயாளிதான்டா," என்றாள் குருவி. "இந்த ரெண்டு மாசம்தான் காட்டேரியா இருந்தேன். அதையும் பிடுங்கிக்கிட்டா எப்படி?"

தாடி திணறினான். "அப்படி இல்ல குருவி. அந்தம்மாவுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டாமா?"

"நியாயம் செய்யணும்னா அவளைப் பாவமாக்கணுமா? அவ நல்லவளா இருந்தாத்தான் சுவர் கட்டினது தப்பா?"

சுருட்டை அவனைப் பார்த்தாள். அவன் தாடியைச் சொறிந்தான். குருவி பேச்சை விடவில்லை. உள்ளே நின்றபோது தன் காதில் விழுந்ததைச் சொன்னாள். அவர்கள் கத்தவில்லை, சபிக்கவில்லை, வானம் வெளுத்ததைப் பேசிக்கொண்டே கல்லைக் கைமாற்றினார்கள். பயமுறுத்தியது அதுதான். அதை எடு என்றாள். பல் இருக்கட்டும், அங்கி இருக்கட்டும், சீமாட்டி எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அப்புறம் கடைசிக் காட்சியைப் பற்றி ஒன்று சொன்னாள். அதைக் கேட்டுத் தாடி, அப்படியென்றால் அவள் பேயா இல்லையா, பார்க்கிறவன் என்னவென்று நினைப்பான் என்று குழம்பினான். எனக்கே தெரியாது, பார்க்கிறவனும் குழம்பட்டும் என்றாள் குருவி. மாலைவரை சண்டை போட்டார்கள். தாடி இரண்டுமுறை கோபித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான். பரிதாபப்பட்டு ஒப்புக்கொள்கிற சண்டையில்லை அது என்பதில் குருவிக்கு நிம்மதி.

மாளிகைக்கு மறுபடி அனுமதி வாங்கி எடுத்து முடித்த படம் கல்லூரி அரங்கில் திரையிடப்பட்டபோது குருவி அம்மாவை அழைத்துப்போயிருந்தாள். அம்மா பேய்ப்படம் பார்ப்பவளில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவர் எழும்பும் காட்சியில் அரங்கம் அசையவில்லை. திரையில் ஒருத்தி, இடுப்புக் குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, புடவையை உதறிச் செருகிக்கொண்டு வரிசையில் வந்து நின்று கல்லை வாங்கினாள். அடுத்து நின்றவளிடம் மாவு அரைத்தாயிற்றா என்று விசாரித்தாள். முன்வரிசையில் யாரோ வேண்டாத நேரத்தில் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் இந்தக் காலம். மாணவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். சுவர் இடிந்த தூசுக்குள்ளிருந்து சீமாட்டி நிமிர்ந்தாள். பெரிதாகத் திரை முழுவதும் அந்த முகம். அம்மா வீலென்று கத்தி, பிடித்திருந்த கையை உதறினாள். உதறிவிட்டு, பக்கத்தில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் ஒரு கணம், தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். குருவி அந்தக் கணத்தை ஆசை தீர அனுபவித்தாள்.

கடைசிக் காட்சி குருவி கேட்டபடியே இருந்தது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் மூலையில் மாட்டிக்கொள்கிறாள். ஒரு கையில் கூரான கட்டை. சீமாட்டி மெல்ல நெருங்கி, அவள்முன் மண்டியிட்டு, பல் தெரிய, படத்திலேயே முதல்முறையாகப் பேசுகிறாள். "தருவியா?" என்கிறாள். மாணவியின் கைகளில் ஒன்று அசைகிறது. எந்தக் கை என்று தெரிவதற்குள் திரை இருண்டுவிட்டது.

கைதட்டல் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. முடிவு புரியவில்லை என்று ஒரு பேராசிரியர் மதிப்பெண் குறைத்தார். தாடி அவரோடு வாதம் செய்யப் போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெகுதூரம் பேசவில்லை. படம் பிடிக்கவில்லை போலும் என்று குருவி நினைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு என்னதான்டி பண்ணினா?" என்று திடீரென்று அம்மா கேட்டாள். "கட்டையத் தூக்கினாளா, கைய நீட்டினாளா?"

"அதுக்கு மேல எடுக்கலம்மா."

"எடுக்கலன்னா? நீ என்ன நினைச்சு எழுதினே?"

தெரியாது என்றாள் குருவி. அம்மா அதை ஏற்கவில்லை. பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏறி, மறுபடி கிளம்பியது.

"நீட்டியிருப்பா," என்றாள் அம்மா. "நீ கைக்குழந்தையா இருந்தப்ப ரத்த வங்கியில உன் வகை இருக்காது. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் கேட்பேன். தலையெல்லாம் கலைஞ்சு, தூங்காம, நானும் காட்டேரி மாதிரிதான் இருந்திருப்பேன். சில பேர் பயந்து ஒதுங்கிப் போவாங்க. சில பேர் என்ன ஏதுன்னுகூடக் கேட்காம உள்ள வந்துடுவாங்க."

இதை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. குருவி அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரும்மா வந்தாங்க?"

"யார் எண்ணினா?" என்றாள் அம்மா. பிறகு, அரங்கத்தில் உதறிய கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த படத்திலாவது கொஞ்சம் சிரிக்கிற வேஷமாகப் பார்த்து வாங்கு என்றாள். முடியாது என்றாள் குருவி.