எண்ணாத இருபது

பதினொன்றாம் கட்டில் அம்மாவின் மகள் வந்து என் முழங்கையைத் தொட்டபோது, நான் ஏழாம் கட்டிலுக்குச் சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும்.

“அக்கா, அம்மா ஒரு மாதிரி இருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள மூச்சு வாங்குது.”

அந்த அம்மா சலவைக்கடை நடத்துகிறவர். பித்தப்பையை எடுத்து அன்று மூன்றாவது நாள். வந்ததிலிருந்து எங்கள் படுக்கை விரிப்பை அவர் விட்டுவைக்கவில்லை. “இதுக்குப் பேரு துவைச்சதா? தண்ணியக் காட்டிப் பயமுறுத்திட்டு எடுத்திருக்காங்க” என்று வார்டே சிரிக்கும்படி சொல்வார். ஊசி போடப் போனாலும் விரிப்பு, மாத்திரை கொடுக்கப் போனாலும் விரிப்பு. அன்று காலை எட்டு மணிக்கு நான் போனபோது விரிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தேன் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். வாயாடி ஒருவர் வாயை மூடினால் ஏன் என்று கேட்க வேண்டும். பதினான்கு வருட வேலையில் இதுகூடத் தெரியாதா என்றால், தெரியும்.

இப்போது போய் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பார்ப்பதுபோல ஒரு பாசாங்கு. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் எல்லோரும் நல்ல பிள்ளையாக மூச்சு விட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் விரல் கையிலும் கண் நெஞ்சிலுமாக ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். நின்றேன். முப்பத்தாறு. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தெலும்புக்கு மேலே தோல் உள்வாங்கியது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். திரையை இழுத்து மூடி, மகளை வராந்தாவில் உட்காரச் சொன்னேன்.

டாக்டர் வந்ததும் நோயாளியைப் பார்த்தார், பிறகு கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அந்த அட்டையில் மூச்சு என்ற வரிசையில் மூன்று நாளும் இருபது, இருபது, இருபது என்றே இருந்தது.

அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் மெஷின் சொல்லிவிடும். எங்கள் வார்டில் மூச்சை மட்டும் ஆள் நின்று எண்ண வேண்டும். முப்பத்திரண்டு கட்டிலுக்கு முப்பத்திரண்டு நிமிடம். ஒரு ஷிப்டுக்கு நாங்கள் இரண்டே பேர். ஆகவே இருபது என்று எழுதுவோம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது. தொண்ணூறு வயதுத் தாத்தாவுக்கும் இருபது, பந்து விளையாடிக் காலை உடைத்துக்கொண்ட வாலிபனுக்கும் இருபது. நம்ம வார்டில் எல்லோரும் ஒரே மூச்சாக இருக்கிறார்கள் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம். ஒன்றும் ஆகாத வரைக்கும் அது நல்ல கேலிதான்.

“எட்டு மணிக்கு இருபது, இப்ப முப்பத்தாறு. நேத்து பூரா இருபது,” என்றார் டாக்டர். “அப்போ இது திடீர்னு வந்திருக்கு. கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கணும். ஸ்கேனுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்ங்கிறாங்க, அதுவரைக்கும் தாங்காது. ரத்தம் உறையாம இருக்கிற ஊசிய ஆரம்பிச்சிடுங்க சிஸ்டர், ஃபுல் டோஸ்.”

அவர் மேல் தப்பில்லை. என் அட்டையைப் படித்தால் எந்த டாக்டருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வயிற்றுக்குள் வெட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ரத்தக்கட்டி இல்லாத உடம்பில் அந்த ஊசி ஏறினால், உள்காயம் கசிய ஆரம்பிக்கும். பிறகு நிறுத்துவது சுலபமில்லை. மருந்து அலமாரி நாலு எட்டு தூரத்தில் இருந்தது. சாவி என் இடுப்பில். வார்டுப் பொறுப்பாளரான பெரிய சிஸ்டர் எனக்கு எதிரே ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார், அவரும் இருபது எழுதி வளர்ந்தவர்தான். வேலை போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அம்மாவை இரண்டாவதாகத்தான் நினைத்தேன்.

“டாக்டர், அந்த இருபது எண்ணினது இல்ல.”

“என்னது?”

“காலையில நான் எண்ணல. சும்மா எழுதிட்டேன். நேத்து டூட்டி சிஸ்டர் எழுதினதும் அப்படித்தான் இருக்கும். அத நம்பாதீங்க.”

பெரிய சிஸ்டர் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகினார். டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

“எப்போலருந்து இப்படி மூச்சு வாங்குது?”

“நேத்து மத்தியானத்துலருந்தே டாக்டர்,” என்றாள் மகள். “வலியிலதான் அப்படின்னு நினைச்சோம்.”

திரும்பி வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரே மெஷினைக் கட்டிலுக்கே உருட்டி வந்தார்கள். படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா. ஊசிச் சீட்டை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். “ரத்தக்கட்டி இல்லவே இல்லன்னு நான் சொல்லல. ஆனா அந்த ஊசி இப்ப வேணாம்,” என்றார். அரை மணி நேரத்தில் அந்த அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். போகும்போது டாக்டர், “நடந்தத எழுதிக் குடுத்துடுங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மருந்தறையில் பெரிய சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நீ உன் கதையச் சொன்ன, சரி. நேத்து எழுதினவளை எதுக்கு இழுத்த? ரெண்டு பிள்ளைய வெச்சுக்கிட்டு அவ ஒருத்தியா அல்லாடுறா.”

“நேத்து எழுதினதையும்தானே டாக்டர் நம்பினாரு, சிஸ்டர்.”

மேஜையில் உட்கார்ந்து, டாக்டர் கேட்டதை எழுத ஆரம்பித்தேன். நான் பாதிப் பக்கம் எழுதி முடித்த பிறகு, பெரிய சிஸ்டர் “எனக்கும் ஒரு பேப்பர் குடு” என்று கை நீட்டினார். ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். வாசல் பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம். உள்ள இருக்கிறவங்க சொன்னாங்க. நல்லவேளை நீங்க இருந்தீங்க.”

சும்மா இருந்திருக்கலாம். நான் எழுதிக் கொடுத்த காகிதம் ஆபீசுக்குப் போகும், இவள் கண்ணில் படாது. அவள் கை ஜில்லென்று இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

“காலையில எட்டு மணிக்கே நான் பாத்திருக்கணும்மா. பாக்கல. பாத்த மாதிரி எழுதிட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை, இன்னும் எளிதாகச் சொன்னேன்.

“அப்போ காலையிலயே தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“நேத்தே?”

“நேத்தேகூட.”

என் கையை விட்டாள். பெஞ்சில் போய் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு எதையோ தேடினாள். துண்டு, சீப்பு, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். கடைசியில் ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

“இது இல்லாம அவங்களுக்கு எதிர்ல நிக்கிறது யாருன்னே தெரியாது. கண் முழிச்சா பயந்துடுவாங்க. உள்ள குடுத்துடுங்க, சிஸ்டர்.”

மூன்று நாளாக என்னை அக்கா என்று கூப்பிட்டவள். வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கக் காம்பு ஒடிந்து, துணிகளுக்கு அடையாளம் கட்டுகிற சிவப்பு நூலால் சுற்றியிருந்தது. கதவு மணியை அழுத்தினேன். உள்ளிருந்து ஆள் வரும் வரை, கண்ணாடியை மடக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.