லக்ஸனின் களைப்பு

பதினொரு மணி இருபது நிமிடம் லக்ஸன் நிற்காமல் நடந்தான். களைத்தது அவனுடைய அக்கா அன்ரனிற்றா. அவன் நடந்தது ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், படைவீரர்களின் உடல்திறனை அளக்கும் ஓர் ஆய்வுகூடத்தின் ஓடுபட்டை இயந்திரத்தில், முதுகில் இருபத்தைந்து கிலோப் பையுடன். அவள் இருந்தது எசன் நகரில், மூன்றாம் மாடி வீட்டின் சமையலறைக் கதிரையில். 2004 மார்ச் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குத் தொடங்கிய சோதனை மாலை ஆறு மணிக்கு முடிந்தது. அவனால் முடியாமல் போனதால் அல்ல; கட்டடத்தைப் பூட்டும் பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மற்றப் படைவீரர்கள் மூன்று மணி நேரத்துக்குள் பட்டையிலிருந்து இறங்கிவிட்டிருந்தார்கள். லக்ஸனின் சட்டை காய்ந்தே இருந்தது. எசனில் அன்ரனிற்றா பதினேழு கோப்பை தண்ணீர் குடித்திருந்தாள், மூன்று தரம் உடை மாற்றியிருந்தாள். கதிரையின் கீழே விரித்த துவாயைத் தாய் வெரோனிக்கா இரண்டு தரம் பிழிந்து போட்டிருந்தார். அன்று அவளுக்கு விடுமுறை நாள் என்பதால் வேலையிடத்தில் யாருக்கும் தொந்தரவு ஏற்படவில்லை.

செல்வரட்ணம் குடும்பம் மன்னாரிலிருந்து 1990இல் எசனுக்கு வந்தபோது அன்ரனிற்றாவுக்குப் பதினான்கு வயது, லக்ஸனுக்கு ஆறு. அவனுக்கு மூச்சு இழுப்பு இருந்தது. ஐந்து படி ஏறினால் உதடு நீலமாகும். அன்ரனிற்றா அவனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள், நாளுக்கு இரண்டு தரம், பல வருடங்கள். அவனுடைய பதினான்கு வயதில் இழுப்பு தானாக நின்றது. மருத்துவர் அவனுடைய நோய்க் கோப்பு முடிந்தது என்று மூடிவைத்தார். அதற்குப் பிறகும் அவன் ஓடிப் பழகவில்லை. ஆகவே இந்த விடயம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கட்டாய இராணுவச் சேவைக்கான கடிதம் வந்தபோது, அதற்குப் பதிலாகத் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பொதுச்சேவை செய்யலாம் என்று அன்ரனிற்றா சொன்னாள். அவன் படையைத் தெரிந்தெடுத்தான். 2003 ஜூலையில் சேர்ந்தான், பிறகு நான்கு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தான். பத்திரங்களில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்ததால், மைதானத்தில் அவனை “செல்வரட்ணம்!” என்றே கத்திக் கூப்பிட்டார்கள். மகன் முதல் தரம் சீருடையில் வந்தபோது எசன் ரயில் நிலையத்தில் காத்திருந்த செல்வரட்ணம், ஆள் யாரென்று முகத்தைப் பார்ப்பதற்கு முன், மன்னாரில் படையினரைக் கண்டு ஒதுங்கிய பழைய பழக்கத்தில் இரண்டடி ஒதுங்கி வழிவிட்டார். பிறகு சிரித்தார். பிறகு மகனின் பையை வாங்கிக்கொண்டார்.

படையில் பன்னிரண்டு நிமிட ஓட்டம் ஒன்று உண்டு. லக்ஸன் முதல் நிமிடத்தில் ஓடிய அதே வேகத்தில் பன்னிரண்டாவது நிமிடமும் ஓடினான். பயிற்சியாளர் அதை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் அடிக்கோடிட்டார். எசனில் அந்த நேரங்களில் அன்ரனிற்றா எங்கு நின்றாளோ அங்கு சுவரைப் பிடித்தாள். முதல் வாரக் கடைசியில் அவன் வீட்டுக்குப் போன் எடுத்தான்.

“என்ன அக்கா, மூச்சு வாங்குது?”

“இப்பதான் படி ஏறி வந்தனான்.”

“படியோ?”

“ஓம், படி. ஏன், நீ மட்டுமோ ஓடுவாய்?”

அவள் அப்போது கட்டிலில் இருந்தாள். அன்று வெளியே போகவேயில்லை. ஆனால் அந்த வீட்டில் தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை. படிக்கிறவனுக்கு, சோதனை எழுதுகிறவனுக்கு, பயிற்சியில் நிற்பவனுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. மன்னாரில் பெரியப்பா இறந்ததை அன்ரனிற்றா தன் தொழிற்பயிற்சிப் பரீட்சை முடிந்து நான்கு மாதத்துக்குப் பிறகே அறிந்தாள். அவள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வீடுகளிலும் அப்படித்தான்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போனில் சொல்லும் பயிற்சி நேரங்களும் அவள் களைத்த நேரங்களும் ஒன்றாக இருந்தன. அவனுடைய கைகள் தண்டால் எடுக்கும்போது அவளுடைய கைகள் முதியோர் இல்லத்தில் ஃபிராவ் கெஸ்லர் என்ற மூதாட்டிக்குச் சட்டை போட்டுவிடும்போது பாதியில் நின்றன. தொண்ணூற்றொரு வயதான ஃபிராவ் கெஸ்லர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாகப் பொறுமையாகக் காத்திருந்தார். “உன் தம்பி இன்றைக்கு அதிகமாகச் செய்கிறான்,” என்றும் சொன்னார். அவருக்கு அன்ரனிற்றா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மறதி நோய் உள்ளவரிடம் சொல்வது சொல்லாததற்குச் சமம் என்று அவள் நினைத்தாள்.

டார்ம்ஸ்டாட் ஆய்வுகூடத்தில் அந்த மார்ச் சோதனையன்று ஓடுபட்டைக்குப் பக்கத்தில் நின்றவள் நிரஞ்சனா, மதுரையிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்தவள். களைக்கும் தசையிலிருந்து இரத்தத்தில் ஏறும் லாக்டேட்டை அவள் அரை மணிக்கு ஒரு தரம் லக்ஸனின் காது மடலில் குத்தி அளந்தாள். இருபத்துமூன்று அளவுகளும் ஒன்றாக இருந்தன. பேராசிரியர் கருவி பழுது என்றார். கருவியைத் திருத்த அனுப்பினார்கள். பழுதில்லை என்ற முத்திரையுடன் திரும்பி வந்தது. நிரஞ்சனா, அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் என்று லக்ஸன் எழுதிக்கொடுத்த எண்ணைப் பார்த்துப் போன் செய்து, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எசனுக்கு ரயிலேறினாள்.

“அக்கா, நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஆனா டேட்டா அப்படித்தான் இருக்கு. உங்க தம்பி ரத்தத்துல களைப்பே இல்ல. அது எங்கயாவது போயிருக்கணும். வீட்ல யாராவது ரொம்ப டயர்டா இருக்கீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“நான்தான்,” என்றாள் அன்ரனிற்றா. “ரீ குடிக்கிறியளோ?”

அன்று முகாமில் இருபது கிலோமீற்றர் அணிவகுப்பு நடந்தது. நிரஞ்சனா கதிரையில் இருந்த அன்ரனிற்றாவின் காது மடலில் அரை மணிக்கு ஒரு தரம் குத்தினாள். லக்ஸனிடம் இல்லாமல் போனது எல்லாம் அங்கே இருந்தது. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பயிற்சியால் பலம் கூடுவது களைத்த உடம்புக்கே. ஒன்பது மாதப் பயிற்சிக்குப் பிறகும் லக்ஸனின் தொடை சேர்ந்த நாளில் இருந்த அளவில்தான் இருந்தது. அன்ரனிற்றாவின் நாடி ஓய்வில் நாற்பத்துநான்கு, நெடுந்தூர ஓட்டவீரருக்கு இருப்பது போல. அந்த வாரம் அவள் பழைய சலவை இயந்திரத்தைத் தனியாகக் கீழே இறக்கி, புதியதைத் தனியாக மேலே ஏற்றியிருந்தாள்.

“அவர்கிட்ட சொல்லணும் அக்கா. எதிக்ஸ்னு ஒண்ணு இருக்கு.”

“அஞ்சு படி ஏறினா நீலம் பாயிற பிள்ளை. இப்ப ஓடுறான். சொன்னா நிண்டிடுவான். சொல்லாதேங்கோ.”

“நல்ல வெயில், முதுகுல பாரம், அதோட ஓட்டம். மூணும் சேந்தா உங்க ஹார்ட் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நின்னுடும். புரியுதா?”

“விளங்குது. ஜெர்மனியிலை எங்கை வெயில்?”

நிரஞ்சனா லக்ஸனிடம் சொல்லவில்லை. தன் ஆய்வேட்டிலிருந்து லக்ஸனின் வரிசையை நீக்கினாள். பேராசிரியர் நன்றி சொன்னார்.

அதிலிருந்து குளிர்பெட்டிக் கதவில் ஒரே தாளில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. நீல மையில் அன்ரனிற்றாவின் வேலை முறை, சிவப்பு மையில் லக்ஸனின் பயிற்சி. ஞாயிறு தோறும் அவள் அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறாய் என்று அவனைக் கேட்டாள்; அவன் மணி, நிமிடத்துடன் சொன்னான். நீலமும் சிவப்பும் முட்டும் நாட்களில் அவள் வேலையை மாற்றிக்கொண்டாள். எல்லாவற்றையும் மாற்ற முடியவில்லை. 2005 ஒக்ரோபரில் டோர்ட்மண்ட் பகுதியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சனிக்கிழமைதான் வசதி. லக்ஸனுக்கு அன்று தடைதாண்டும் போட்டி. அன்ரனிற்றா தேநீர்த் தட்டுடன் வந்தபோது அவன் மதிலேறத் தொடங்கியிருந்தான்.

“பிள்ளைக்கு இழுப்போ?” என்று மாப்பிள்ளையின் மாமி பவளம் கேட்டார்.

“சீ, சளி, தடிமன்,” என்றார் வெரோனிக்கா.

“தடிமனுக்கு உப்பிடி வேர்க்குமோ? ரீக்குள்ளையெல்லோ சொட்டுது.”

அவர்கள் பிறகு போன் எடுக்கவில்லை. லக்ஸன் போட்டியில் முதலாவதாக வந்தான். வெரோனிக்கா இதைக் கண்ணூறு என்று தீர்மானித்து, யாத்திரைத் தலமான கெவலாரின் மாதாவுக்கு வருடம் ஒரு மெழுகுதிரி நேர்ந்துவிட்டார்.

2006 மே மாதம் லக்ஸன், பவாரியாவில் நான்கு மாத வகுப்பு ஒன்றுக்குப் போவதாகச் சொன்னான். அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன். ஜூன் முதல் வாரத்தில் அன்ரனிற்றாவின் வியர்வை உப்பாகக் காய்ந்து கழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. எசனில் அப்போது மழை.

“பவாரியாவிலை குளிரோ?” என்று அவள் கேட்டாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விநாடி கழித்தே பதில் வந்தது. “ஓம் அக்கா, சரியான குளிர். ஜக்கெற் போட்டுத்தான் நிக்கிறன்.”

“ஜக்கெற்றைக் கழட்டாதை.”

ஜெர்மன் படை ஆப்கானிஸ்தானின் வடக்கில் நிற்பதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அன்ரனிற்றா கதிரையை ஜன்னலருகே இழுத்துப் போட்டாள். தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பயிற்சி நேரம் சொல்வதையும் நிறுத்தியிருந்தான். குளிர்பெட்டித் தாளில் சிவப்பு மை இல்லை.

ஓகஸ்ட் மூன்றாம் திகதி, எசன் நேரப்படி காலை ஒன்பது பத்துக்கு, ஆப்கானிஸ்தானின் வடக்கில் வறண்ட ஆற்றுப் படுகை ஒன்றில் இராணுவ வாகனம் ஒன்று புரண்டது. தொடர்புக் கருவி வேலை செய்யவில்லை. லக்ஸன் தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள ஓட்டுநரைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்பது பாகை வெயிலில், வீதி இருக்கும் இடம்வரை நாற்பது நிமிடம் ஓடினான். ஓட்டுநர் பிழைத்தார். எசனில் அன்ரனிற்றா ஃபிராவ் கெஸ்லரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முதல் நிமிடத்திலேயே அவரைக் கதிரையில் இருத்தி, தண்ணீரை மூடி, துவாயால் போர்த்திவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். முப்பத்தாறாவது நிமிடத்தில் இதயம் முறை தவறியது. மறதி நோய் உள்ள ஃபிராவ் கெஸ்லர் அபாய மணியின் கயிற்றை இழுத்து, வந்தவர்களிடம், “தம்பி ஓடுகிறான், இவளுக்கு ஆக்சிஜன் கொடுங்கள்,” என்றார். கொடுத்தார்கள்.

மறுநாள் லக்ஸன் போன் எடுத்து அக்காவைக் கேட்டான். வெரோனிக்கா, அவள் கெவலாருக்குப் போய்விட்டாள் என்றார். அவன் போனை வைத்தான். கெவலார் யாத்திரைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வீட்டில் ஒருவர் போனுக்கு வரவில்லை, கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றால் அவர் இனித் திரும்பி வரமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அவன் கட்டிலில் படுத்தான். பிறகு எழும்பவில்லை. கையையும் காலையும் அசைக்கவில்லை. விமானத்தில் படுக்கையோடு ஜெர்மனிக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர்கள் முள்ளந்தண்டையும் நரம்புகளையும் சோதித்துக் குறை ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள்.

அன்ரனிற்றாவின் உடம்புக்கு மூன்று வருடத்தில் முதல் தரம் முழு ஓய்வு கிடைத்தது. எசன் மருத்துவமனையில் எல்லோரும் திருப்தியடைந்தார்கள். அவள் ஒவ்வொரு காலையும் கண்ணை மூடி, கால்களில் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவளுக்கு, எப்படிப்பட்டவர்கள் களைப்பதில்லை என்று தெரியும். அவள் அழவில்லை. கொடுத்த சூப்பைக் குடித்தாள், கொடுத்த குளிசையை விழுங்கினாள்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது குழந்தை யேசு சிலையின் கீழே ஓர் இராணுவக் கடிதம் உடைக்காமல் கிடந்தது. அந்த வீட்டில் ஜெர்மன் கடிதங்களை வாசிப்பவள் அவள்தான். வாசிப்பவள் படுத்திருந்ததால் கடிதமும் கிடந்தது. தகப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “வாசி பிள்ளை,” என்றார். அவள் நின்றபடியே வாசித்தாள். “இருக்கிறான்,” என்றாள்.

பத்தொன்பதாம் நாள் அவள் ரயிலேறினாள். படை மருத்துவமனையின் பயிற்சி அறையில், ஆறு மீற்றர் நீளமான இரண்டு பிடிகம்பிகளுக்கு முன்னால், லக்ஸனைச் சக்கர நாற்காலியில் இருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் இருத்துவார்கள். அரை மணிக்குப் பிறகு திரும்பக் கொண்டுபோவார்கள். அவன் அவளை நீண்ட நேரம் பார்த்தான்.

“கெவலாருக்குப் போனதெண்டு அம்மா சொன்னவ.”

“போகேல்லை. ஆசுப்பத்திரியிலை கிடந்தனான். நீ பவாரியாவிலையெல்லோ?”

“ஓம்.”

“குளிரோ?”

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“எழும்பு,” என்றாள்.

“ஏலாது அக்கா.”

“உன்ரை காலிலை ஒண்டும் இல்லையாம். கடிதம் நான்தான் வாசிச்சனான்.”

அவள் ஒரு கதிரையைக் கம்பிகளின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கைகளை முழங்காலில் வைத்து, மூச்சை உள்ளே இழுத்தாள், வேலைக்கு ஆயத்தமாவது போல.

“மெல்ல நட.”

அவன் எழுந்து நடந்தான். ஆறு மீற்றர். அவனுடைய முகம் மாறவில்லை. அவளுடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியது, தொடைகள் நடுங்கின. பயிற்சி தரும் பெண் ஒரு கோப்பை தண்ணீருடன் வந்தாள். நடந்தவனைப் பார்த்தாள், இருந்தவளைப் பார்த்தாள், கோப்பையை இருந்தவளிடம் கொடுத்தாள். அட்டையில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். லக்ஸன் கம்பியின் மறு முனையில், அக்காவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். திரும்பவில்லை.

“முதல் கிழமை போனிலை கதைக்கேக்கை, நான் போனைக் காதிலை வைச்சபடி குந்திக் குந்தி எழும்பினனான் அக்கா. இருபது தரம். நீங்கள் படி ஏறி வந்தனானெண்டு சொன்னனீங்கள். எனக்கு அண்டைக்கே தெரியும்.”